கம்பம் நின்ற இடம்

வாய்க்காலுக்குக் குறுக்கே பாலம் கட்டினேன். கூரைப் பள்ளிக்கூடத்துக்கு ஓடு போட்டேன். உப்புத் தண்ணீரைக் குடித்துக் கிடந்த குப்பத்துக்கு நல்ல தண்ணீர்க் கிணறு வெட்டினேன். கிள்ளை ரோட்டிலிருந்து ஊருக்குள் கப்பிச் சாலை இழுத்து வந்தேன். என் மச்சான் அஞ்சாப்புலியைக் கொன்றேன்.

எல்லாம் நான் செய்தவைதான். மற்றவற்றை ஊர் அறியும். கடைசியை இன்றுவரை ஒருவரும் அறியார்... இதை வாசிக்கும் நீங்கள்தான் முதல் ஆள்.

நான் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். இரண்டாம் வகுப்போடு சிலேட்டைக் கீழே வைத்தவன். மீனவக் குப்பத்தில் பிறந்தும் கடல் ஒத்துக்கொள்ளாதவன். அப்பா தோணியில் ஏற்றிக்கொண்டு போனால், கரை மறைவதற்குள் குடல் வாய்க்கு வந்துவிடும். "கலியமூர்த்தி ஏறுனா மீனுக்கு இரை போட வேணாம்டா, அவனே போட்டுருவான்" என்று சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பைப் பொறுக்க முடியாமல் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு மேற்கே நடந்தேன். வாய்க்கால் தூர் வாரினேன். கம்மாபுரம் பக்கம் மண் சுமந்தேன். மேஸ்திரி ஆனேன், காண்ட்ராக்டர் ஆனேன். அறுபதுகளில், சிரித்த அதே ஊருக்குப் பஞ்சாயத்து பிரசிடெண்ட் ஆனேன்!

கையெழுத்துப் போடும்போது என் விரல் நடுங்கும், இதையும் எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். ஆனால் ஒரு சுவரைப் பார்த்தால் அது எத்தனை செங்கல் தின்றிருக்கிறது என்று சொல்லிவிடுவேன். படித்தவன் எவனும் எனக்கு எதையும் தூக்கிக் கொடுக்கவில்லை. நானே கட்டினேன்... நானே இடித்தேன்.

குப்பத்துக்கும் மேலத்தெருவுக்கும் நடுவே ஒரு வாய்க்கால் ஓடுகிறது. மழைக்காலத்தில் மார்பளவு தண்ணீர். தலையில் மீன் கூடையோடு பெண்கள் அதில்தான் இறங்கி ஏற வேண்டும். ஒருமுறை பிரசவ வலி கண்டவளைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். பாதி வாய்க்காலிலேயே பிள்ளை பிறந்தது. அன்றைக்குச் சபதம் போட்டேன், பாலம் கட்டாமல் விடுவதில்லை என்று. யூனியன் ஆபீஸ் படிக்கட்டுத் தேயும் அளவுக்கு நடந்தேன். ஓவர்சியரைச் சைக்கிளில் உட்காரவைத்து நானே மிதித்துக் கூட்டி வந்தேன்.

பாலம் எழும்பியது. புரட்டாசியில் கலெக்டர் திறந்துவைக்க ஒப்புக்கொண்டார். மேல்தளம் போட வேண்டிய நேரத்தில் சிக்கல். தளம் இறுகும்வரை நடுவில் முட்டுக்கொடுத்துத் தாங்க, நீளமான, கெட்டியான மரம் வேண்டும். நிறுத்தியிருந்த சவுக்குக் கம்புகள் வளைந்து போயின. சிதம்பரத்துக்குச் சொல்லி அனுப்பினால் மரம் வந்துசேர நாளாகும். மேகமோ திரண்டு நிற்கிறது. கலெக்டர் வரும் நாளோ நெருங்குகிறது...

குப்பத்து மணல்மேட்டில் ஒற்றைப் பனை நின்றது. புறம்போக்கு மரம். கேட்க ஆளில்லை என்று நினைத்தேன்.

இல்லை... பொய். எனக்குத் தெரியும். கடல் ஒத்துக்கொள்ளாதவனே ஆனாலும் நான் குப்பத்தில் பிறந்தவன். அந்தப் பனை என்னவென்று எனக்குத் தெரியும்!

எங்கள் ஆற்று முகத்துவாரத்தில், தண்ணீருக்கு அடியில் மணல்திட்டு படுத்திருக்கிறது. அதன் நடுவே ஒடுக்கமாக ஒரு வழி. தோணி அந்த வழியாகத்தான் உள்ளே நுழைய வேண்டும். கொஞ்சம் விலகினாலும் திட்டில் தட்டும், பின்னால் வரும் அலை தூக்கிக் கவிழ்த்துவிடும். வழியைக் கண்ணால் பார்க்க முடியாது. அதற்குத்தான் குறி. முன்னால் மேட்டுப் பனை, பின்னால் தூரத்தில் மாதா கோயில் மணிக்கூண்டு. கடலிலிருந்து பார்க்கும்போது பனை நகர்ந்து நகர்ந்து கூண்டை மறைக்கும். மறைத்ததும் தோணியை நேராக விட வேண்டும். மாரியம்மனைக் கும்பிடுகிறவனும் மாதாவைக் கும்பிடுகிறவனும் அந்தக் கூண்டைப் பார்த்துத்தான் வீடு வந்து சேர்ந்தார்கள்.

அந்தப் பனையில்தான் கோடரி வைத்தேன்.

குப்பத்துத் தலைவரை நாட்டார் என்போம். அவர் ஓடி வந்தார். "கலியமூர்த்தி, ஒனக்கென்ன கிறுக்கா? இது மரமாய்யா? எங்க கண்ணுய்யா இது!"

"இதவிட ஒசரமா இரும்புக் கம்பம் நட்டுத் தரேன் மாமா. உச்சியில வெள்ளைத் தகடு வெச்சு! பனை காத்துல ஆடும், கம்பம் ஆடுமா?" என்றேன்.

சொன்னபடியே செய்தேன். நெய்வேலிப் பக்கம் கழித்துப்போட்ட நீள இரும்புக் குழாய் ஒன்றை விலை பேசி, மாட்டுவண்டியில் ஏற்றச் சொல்லி அனுப்பினேன். பீப்பாய் மூடியை வட்டமாக வெட்டி, வெள்ளை பெயிண்ட் அடித்துத் தயாராக வைத்தேன்.

இந்த இடத்தில்தான் அஞ்சாப்புலி வருகிறான்.

என் மனைவி அஞ்சலைக்கு மூத்தவன். குப்பத்தில் அவனைப் போலச் சுக்கான் பிடிப்பவன் கிடையாது. சிறுவயதில் எல்லோரும் என்னைக் கேலி செய்தபோது, தோணியில் நான் வாந்தி எடுக்கும்போது தலையைத் தாங்கிப் பிடித்தவன் அவன் ஒருவன்தான். கடலோடாத எனக்குத் தங்கையைக் கொடுக்கக் கூடாதென்று வீடே நின்றது. அவன்தான் கொடுத்தான்.

ஆவணி முடிந்ததும் அவன் கடலூர்ப் பக்கம் தோணி கொண்டுபோய், உறவுக்காரர் குப்பத்தில் தங்கித் தொழில் செய்துவிட்டு, தீபாவளிக்குத் திரும்புவது வழக்கம். அந்த வருடமும் கிளம்பினான். பனை விழுந்து ஒரு வாரம் இருக்கும். வழியனுப்ப நான் மட்டும் கரைக்குப் போனேன்.

"என்ன மச்சான், எங்க பனைய ஒன் பாலத்துக்கு அடியில படுக்க வெச்சிட்ட. நான் வரும்போது எதப் பாத்து வரது? ஒன் தொப்பையப் பாத்தா?"

"நீ வரும்போது அதே எடத்துல கம்பம் நிக்கும்யா. உச்சியில வெள்ளைத் தகடு. அதையும் கூண்டையும் சேத்துப் புடிச்சு வந்துரு."

"மறந்துட மாட்டியே?"

"கலியமூர்த்தி சொன்னா சொன்னதுதான்!"

சிரித்துக்கொண்டே தோணியைத் தள்ளினான். அந்தப் பேச்சைக் கேட்க வேறு யாரும் இல்லை. அலை மட்டும் இருந்தது... இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் பாவத்தின் பிடி இங்கேதான் இருக்கிறது.

கம்பம் வந்து இறங்கியது. மேட்டில் குழி வெட்ட ஆட்களைக் கூப்பிடப் போனேன். அப்போது பஞ்சாயத்து எழுத்தர் கேட்டார், "கலெக்டர் வந்தா ஆபீஸ் வாசல்ல கொடி ஏத்தணுமே, எதுல ஏத்துறது?"

வாசலில் நின்றது ஒரு மூங்கில் கொம்பு. கலெக்டர் மூங்கிலிலா கொடி ஏற்றுவார்? நான் கட்டிய பாலத்துக்கு, நான் கட்டிய ஆபீஸுக்கு முன்னால்... மூங்கிலா!

விழா முடியட்டும், மறுநாளே மேட்டுக்குக் கொண்டுபோய்விடலாம் என்றேன். ஆபீஸ் வாசலில் குழி வெட்டி, சிமெண்ட் போட்டு இறுக்கி நட்டேன். வெள்ளைத் தகட்டைக்கூடக் கழற்றவில்லை. கொடிக்கு மேலே குடை பிடித்தாற்போல அழகாக இருந்தது.

கலெக்டர் வந்தார். கொடி ஏறியது. "சுத்துப்பட்டுல இவ்ளோ ஒசரமான கொடிக்கம்பம் நான் பார்த்ததே இல்லை" என்றார். அந்த ஒரு வார்த்தை... அந்த ஒரு வார்த்தைதான் என்னைக் கெடுத்தது!

மறுநாள் போனது. மறுவாரம் போனது. தினமும் காலையில் ஆபீஸ் படியில் நின்று கம்பத்தை அண்ணாந்து பார்ப்பேன். வெளியூர்க்காரர்கள் வந்து பார்ப்பார்கள். பெயர்த்து எடுக்க மனம் வரவில்லை. குப்பத்தில் கேட்டார்கள். மேட்டில் அவர்களே துணி கட்டிய கழி ஒன்றை ஊன்றிச் சமாளித்தார்கள். காற்றடித்தால் சாயும், மறுபடி ஊன்றுவார்கள்.

நாட்டார் வந்து நின்றார். "கம்பம் எப்ப வரும், பிரசிடெண்டு?" பெயர் சொல்லி அழைக்கிறவர், பிரசிடெண்டு என்றார்.

"சிமெண்ட்டு இறுகிப்போச்சு மாமா. மழ விடட்டும், பொங்கலுக்குள்ள மாத்திடறேன்."

நீங்கள் கேட்பீர்கள், அஞ்சாப்புலிக்குச் சொல்லி அனுப்பியிருக்கலாமே என்று. கடலூருக்குத் தினமும் பஸ் போயிற்று. நானே யூனியன் வேலையாக இருமுறை போனேன். அவன் தங்கியிருந்த குப்பம் அங்கிருந்து நடை தூரம்... போகவில்லை. நினைவுக்கு வரவில்லையா? வந்தது. நாளை போகலாம் என்று வந்தது.

தீபாவளிக்கு முந்தின நாள். காலை. வாடைக்காற்றும் தூறலும். குப்பத்துத் தோணி எதுவும் கடலில் இறங்கவில்லை. மேட்டிலிருந்த கழி இரவுக் காற்றிலேயே விழுந்திருந்தது. அதை எடுத்து ஊன்ற அன்று ஆளில்லை, யாரும் கடலில் இல்லையே என்று.

பரங்கிப்பேட்டைப் பக்கத்திலிருந்து வந்த இரண்டு பிரசிடெண்டுகளிடம் என் ஆபீஸைக் காட்டிக்கொண்டிருந்தேன். படியில் நின்று கம்பத்தின் உயரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது ஒருவர் கடலைக் கை காட்டினார். "அங்க பாருங்க, ஒரு பாய் தெரியுது."

பார்த்தேன். பழுப்புப் பாய். அவனுடைய ஒட்டுப்போட்ட பாய். தங்கைக்குத் தீபாவளிச் சீர் கொடுக்க வருகிறான்...

முதலில் மகிழ்ச்சி. அப்புறம் ஏதோ உறுத்தியது. பாய் இடமும் போகவில்லை, வலமும் போகவில்லை. அது பெரிதாகிக்கொண்டே வந்தது. தோணியின் மூக்கு என் நெஞ்சைப் பார்த்து வந்தது.

முகத்துவாரத்துக்குப் போகிற தோணி தெற்கே அல்லவா திரும்பியிருக்க வேண்டும்? ஏன் என்னை நோக்கி வருகிறது?

எனக்குப் பின்னால் மணிக்கூண்டு. எனக்குப் பக்கத்தில் கம்பம். உச்சியில் வெள்ளைத் தகடு.

ஐயோ... அவன் நான் சொன்னபடி வருகிறான்!

ஓடினேன். பாலத்தைத் தாண்டி, குப்பத்தைத் தாண்டி, மேல்துண்டை அவிழ்த்து வீசிக்கொண்டு ஓடினேன். "தெக்க! தெக்க போ மச்சான்! தெக்க!" தூறலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. மணலில் கால் புதைந்தது. நான் கரைக்குப் போய்ச் சேரும்போது தோணி திட்டில் தட்டி நின்றது. ஒரே ஒரு கணம் நின்றது. சுக்கான் பக்கத்தில் அவன் எழுந்து நின்று கரையைப் பார்த்தான்... பின்னால் வந்த அலை தூக்கிப் புரட்டியது.

கூட வந்த மாரி, அஞ்சாப்புலியின் பெரியப்பா மகன், பலகையைப் பிடித்துக்கொண்டு கரையேறினான். அஞ்சாப்புலி ஏறவில்லை. தோணிக்கும் திட்டுக்கும் நடுவில் நசுங்கியிருந்தான். சாயங்காலம் கிடைத்தான்.

இதுவரை சொன்னது தப்பு. தப்பு யாருக்கும் நடக்கும். இனிமேல் சொல்லப்போவதுதான் குற்றம்.

காரியம் முடிந்ததும் மாரியம்மன் கோயில் முன் ஊர்க்கூட்டம் கூடியது. ஆள் சாகும்படி தோணி உடைந்தால் காரணம் கேட்பது குப்பத்து வழக்கம். நானும் போய் உட்கார்ந்தேன், பிரசிடெண்ட் என்று ஜமுக்காளம் போட்டார்கள்.

மாரி எழுந்தான். "அண்ணன் கம்பத்தப் பாத்துதான் புடிச்சாரு. 'என் மச்சான் சொல்லியிருக்கான், வெள்ளைத் தகட்டையும் கூண்டையும் சேத்துப் புடி'ன்னாரு. அப்படியே புடிச்சு வந்தோம்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நாட்டார் கேட்டார்: "அப்படியா சொன்ன?"

ஆமாம் என்ற ஒரு சொல். அவ்வளவுதான். நாக்கு நுனியில் இருந்தது. அதைச் சொன்னால் என்ன போயிருக்கும்? பிரசிடெண்ட் பதவி போயிருக்கும். பழைய சிரிப்பு திரும்பி வந்திருக்கும். கடல் தெரியாதவனிடம் கண்ணைக் கொடுத்தோமே என்று காறித் துப்பியிருப்பார்கள். துப்பட்டுமே! துடைத்துக்கொண்டிருக்கலாமே!

நான் சொன்னது இது: "மேட்டுல நட்டப்பறம் பாத்து வான்னு சொன்னேன். அப்பறம் யூனியன் வேலையா கடலூரு போனப்பகூட அவனத் தனியாப் பாத்து, பொங்கல் வரைக்கும் ஆபீஸ் வாசல்லதான் நிக்கும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னனே! கேட்டுக்கிட்டுத் தலைய ஆட்டுனான்ல? அவன் தங்கியிருந்தது கடலூர்ப் பக்கம். புதுச்சேரி சரக்கு எட்டுற தூரம். தீபாவளி வேற. நான் என்னத்தச் சொல்ல..."

"அண்ணன் குடிக்கலீங்க!" மாரி கத்தினான்.

"நீ அவன் வாய மோந்து பாத்தியா?"

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். செத்தவனைப் பேசும் கூட்டத்தில்... சிரித்தார்கள். அவர்களைச் சிரிக்கவைத்தவன் நான். சிரிப்புக்குப் பயந்து ஊரைவிட்டுப் போனவன் நான்!

அந்தச் சிரிப்போடு முடிந்தது. அஞ்சாப்புலி குடித்துவிட்டுத் தோணியைக் கவிழ்த்தான் என்று ஆனது. முகத்துவாரத்தில் குறி தப்பவிட்டவன் வீட்டு ஆளிடம் சுக்கானைக் கொடுக்க மாட்டார்கள். அதுவும் வழக்கம். அவன் மகன் சிங்காரவேலு தோணியின் நடுவில் உட்கார்ந்து வலை இழுத்தான், பின்பக்கம் போக விடவில்லை. கொஞ்ச காலத்தில் கடலையே விட்டான். நெய்வேலியில் மண் வேலைக்கு நான்தான் சேர்த்துவிட்டேன். "அநாதையா வுட்டுடல, வேலை வாங்கிக் குடுத்தேன்" என்று அதையும் என் பெருமையோடு சேர்த்துச் சொல்லிக்கொண்டேன். கேட்டவர்கள் தலையாட்டினார்கள்.

கூட்டம் முடிந்த மறுநாளே கடப்பாரையோடு ஆட்களைக் கூட்டி, சிமெண்ட்டைப் பெயர்த்து, கம்பத்தை எடுத்து மேட்டில் பனை நின்ற அதே இடத்தில் நட்டேன். மழை விடக் காத்திருக்கவில்லை. அரை நாள் வேலை. அரை நாள்! ஊர் என்ன சொன்னது தெரியுமா? "மச்சான் செத்த துக்கத்துலயும் ஊருக்காக ஓடுறாரு பாரு பிரசிடெண்டு" என்றது. அடுத்த தேர்தலில் என்னை எதிர்த்து ஒருவரும் நிற்கவில்லை.

அஞ்சலை ஒரே ஒருமுறை கேட்டாள். சமைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"எங்கண்ணன் கடல்ல எறங்கும்போது குடிக்க மாட்டாரு. நீங்க என்னதான் சொன்னீங்க அவருகிட்ட?"

கூட்டத்தில் சொன்னதையே சொன்னேன். அவள் கரண்டியை வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். நம்ப முயற்சி செய்தாள். எனக்காக முயற்சி செய்தாள். பிறகு நம்பினாள். அண்ணனா புருஷனா என்று நான் அவளை நிறுத்தினேன், அவள் என்னை எடுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு தன் அண்ணன் பெயரை அவள் வாயால் நான் கேட்கவில்லை.

கவிழ்ந்த தோணியோடு ஒரு மூட்டை கரை ஒதுங்கியது. மெழுகுத் துணியில் இறுகக் கட்டியது. அண்ணாகிராமத்து முந்திரிப் பருப்பு. அவளுக்குச் சிறுவயதிலிருந்தே பிடிக்கும். ஒவ்வொரு தீபாவளிக்கும் வாங்கி வருவான். அதை அவள் அவிழ்க்கவே இல்லை. அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருந்தாள். அவள் போன பிறகு நான் அவிழ்த்தேன். உள்ளே மாவாக இருந்தது... வண்டு அரித்த மாவு. கையில் எடுத்துப் பார்த்தேன். எங்கே கொட்டுவதென்று தெரியாமல் மறுபடி கட்டி அங்கேயே வைத்துவிட்டேன்.

கடல் தெரிந்தவன் எப்படி ஏமாந்தான் என்று ஊர் பலகாலம் பேசியது. நானும் கூடவே வியந்தேன், எல்லோர் முன்னாலும். எனக்குத் தெரியாதா? கடலை அவன் என்றைக்கும் நம்பியதில்லை. என்னை நம்பினான்.

ஏன் இப்போது சொல்கிறேன்? மனம் திருந்திவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். நான் கட்டிய பாலத்தை இடித்து, அகலமாக வேறு பாலம் கட்டிவிட்டார்கள். அதில் வேறு யார் யாரோ பெயர். என் கல்வெட்டைக் கேட்டேன். துணி துவைக்கப் போட்டிருப்பதாகச் சொன்னார்கள். அதற்காக ஆபீஸில் போய்ச் சண்டை போட்டேன். சமாதானம் செய்ய நாலு இளவட்டங்கள் வீட்டுக்கு வந்தார்கள்.

"கவலப்படாதீங்க தாத்தா. மேட்டுக் கம்பம் ஒங்களுதுதான. இன்னிக்கும் தோணியெல்லாம் அதப் பாத்துதான் வருது. அதுக்குப் புதுசா பெயிண்ட் அடிச்சு, ஒங்க பேரப் பெருசா எழுதிடறோம்."

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. என் பெயர் எங்கும் இல்லையே என்று ஏங்கிக் கிடந்தவனுக்கு, இருக்கிற இடத்தையெல்லாம் விட்டுவிட்டு அங்கேயா இடம் கிடைக்க வேண்டும்!

எழுதாதீர்கள் என்று சொல்ல வாய் எடுத்தேன். சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்? கம்பம் என்னுடையதுதானே!

மன்னிப்புக் கேட்டு இதை எழுதவில்லை. மன்னிக்க வேண்டியவர்கள் பெரும்பாலும் உயிரோடு இல்லை. மாரியும் போய்விட்டான். சிங்காரவேலு எங்கிருக்கிறான் என்று தெரியவில்லை, தேடிப் போகும் தைரியமும் இல்லை. இருந்தாலும் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. நான் என் உழைப்புக்குப் பெயர் கேட்டே வாழ்ந்தவன். செய்யாத வேலைக்கு ஒருநாளும் கேட்டதில்லை. செய்த வேலையை இன்னொருவன் தலையில் எழுதினால் பொறுத்ததும் இல்லை.

அதனால் கேட்கிறேன். எழுதுங்கள். பெரிய எழுத்தில், கடலிலிருந்து தெரியும்படி எழுதுங்கள்.

இந்தக் கம்பத்தை வாங்கி வந்தவன் கலியமூர்த்தி. மேட்டில் நடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தவன் கலியமூர்த்தி. தன் வாசலில் நட்டவன் கலியமூர்த்தி. அஞ்சாப்புலி குடித்திருக்கவில்லை. குறி தப்பவும் இல்லை. சொன்ன குறியைச் சரியாகப் பிடித்து வந்தான்.

அன்றைய தவறு முழுக்க என்னுடைய வேலை. இத்தனை வருடம் அதை அவன் பெயரில் எழுதி வைத்திருக்கிறீர்கள். அழியுங்கள் அதை! என் பங்கை எனக்குக் கொடுங்கள்.